மீம் போட்டால் தடை போய்விடுமா?

16.2.2025, பென்னாகரம் வாசகர் ஒருவர் கேட்டது

"நேத்து ராத்திரியிலிருந்து விகடன் தளம் எனக்குத் திறக்கல. கார்ட்டூன்தான் காரணம்னு சொல்றாங்க. காலையிலிருந்து போன்ல மீமா கொட்டுது. வடிவேலு, கவுண்டமணி யாரையும் விடல. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறம் என்ன? தளம் திறந்துடுச்சா? ரோட்டுல இறங்க வேண்டிய ஆளு ஃபார்வர்ட் பண்ணிட்டுப் படுத்துக்கறான். மீம் கோவத்தை ஆத்தி விடுது, அவ்வளவுதான். இல்லைன்னு சொல்றவங்க சொல்லுங்க."

16.2.2025, இரவு

நான் இல்லை என்கிறேன்.

அந்தக் கார்ட்டூன் பிப்ரவரி 10 அன்று விகடன் பிளஸ் இணைய இதழில் வந்தது. டிரம்ப் பக்கத்தில் நம் பிரதமர் கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் படம். அமெரிக்கா இந்தியர்களை விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியதைப் பற்றியது. நான் தருமபுரியில் பிளக்ஸ் டிசைன் செய்கிறவள். நாள் முழுக்க படங்களோடுதான் இருக்கிறேன், எனக்கே அது கண்ணில் படவில்லை. இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தேதி குறிக்கிற குழு அது. அரசியல் பேசினால் பெரியப்பா திட்டுவார். அங்கேயே அதைப் போட்டவர் பெரியப்பாதான். "இதுக்காடா மூடினாங்க?" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

மீம் தடையை நீக்கும் என்று நான் சொல்லவில்லை. தடை போட்டவர் வெளியே வந்து, இந்தப் படத்தில் இருப்பது யார், எந்த இடத்தில் அவருக்கு வலித்தது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது. கோஷம் போட்டால் அந்த நிலை வராது. கோஷத்துக்குப் பதில் சொல்ல அரசாங்கத்திடம் ஏற்கெனவே வாசகம் இருக்கிறது.

17.2.2025

பழைய விகடன் கதை நேற்று சிலருக்குத் தெரியவில்லை.

1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் இன்னொருவர் என்பது பதில். சட்டமன்றம் இதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல். ஏப்ரல் 4 அன்று கைது செய்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை, வழக்கு போட்டார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அந்த ஜோக்கில் யார் பெயரும் இல்லை, கட்சி இல்லை, தொகுதி இல்லை. வாரம் தவறாமல் அந்த மாதிரி ஜோக் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு சபையே கூடி எழுந்து, இது எங்களைத்தான் சொல்கிறது என்று அறிவித்ததால்தான் 38 வருஷம் கழித்து நான் இங்கே உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

17.2.2025, இரவு

"இது டெல்லிக்காரங்க பண்ற வேலை, நம்ம ஊர்ல இல்ல" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். "இல்ல, மாநிலத்துக்காரங்கதான் மோசம்" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து:

2012 ஏப்ரலில் மம்தா பானர்ஜியைப் பற்றிய கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். 2023-ல்தான் அந்த வழக்கிலிருந்து முழுசாக வெளியே வந்தார். 2012 செப்டம்பரில் அசீம் திரிவேதி கார்ட்டூனுக்காகத் தேசத்துரோக வழக்கில் மும்பையில் கைதானார். அப்போது மத்தியிலும் மகாராஷ்டிரத்திலும் காங்கிரஸ். 2015-ல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மேல் இங்கே தேசத்துரோகம். 2017-ல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு கார்ட்டூன் போட்ட பாலா கைது. இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில். 2023 ஜூனில், தி.மு.க. ஆட்சியில், ஒரு ட்விட்டர் பதிவுக்காகப் பா.ஜ.க.வின் எஸ்.ஜி. சூர்யா கைது.

எங்கள் கடையில் எல்லாக் கட்சிக்கும் பிளக்ஸ் அடிக்கிறோம். தலைவர் முகத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் திருப்பி அடிக்கச் சொல்வார்கள். எந்தக் கொடிக்காரரும் இதில் விதிவிலக்கு இல்லை.

20.2.2025

நம் மாவட்டக்காரர்கள் மீம் என்பது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று பேசும்போது எனக்குத் தாங்கவில்லை. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஊர். ஔவையார் இங்கிருந்துதான் தொண்டைமானிடம் தூது போனார். புறநானூற்றில் 95-ம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஔவையார் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வெளியே பாராட்டு. உள்ளே, நீ சண்டையே போட்டதில்லை என்ற சேதி. அரசனால் கோபப்பட முடியாது. கோபப்பட்டால், அது நிஜம்தான் என்று சபையில் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோம். யார் யாரிடம் என்ன நிலையில் நின்று அதைச் சொன்னார் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தூது போன இடம். படையோடு இருக்கிற அரசன். தனியாகப் போன பெண்.

அப்புறம் கூத்து. என் தாய்மாமன் பாரதக் கூத்தில் கட்டியங்காரன், அதாவது கோமாளி, வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயில் கூத்து விடிய விடிய நடக்கும். துரியோதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு வந்து நிற்பார், தெருவே பயபக்தியோடு பார்க்கும். கட்டியங்காரன் மட்டும் கிட்டப் போய், "மகாராஜா, எங்க தெருவுக்குத் தண்ணி வந்து பத்து நாளாச்சு, அஸ்தினாபுரத்துல வருதுங்களா?" என்பான். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவருக்குத் தெரியும், கேள்வி யாருக்கு என்று. சிரிக்காமல் இருந்தால் கேள்வி தனக்குத்தான் என்று ஆகிவிடும். அதனால் அவரும் சிரிப்பார். மாமா ஒரு விஷயத்தில் கறார். ராஜாவைக் கேலி பண்ணலாம், கணக்குப்பிள்ளையைப் பண்ணலாம், பாட்டு வாத்தியாரைப் பண்ணலாம். கூத்துப் பார்க்க வந்து ஓரமாக நிற்கிறவனைப் பண்ணக் கூடாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

22.2.2025

சீனாவில் கரடிப் பொம்மையையே தடை செய்துவிட்டார்கள் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். முழுத் தடை இல்லை. ஷாங்காய் டிஸ்னிலேண்டில் வின்னி த பூ சவாரி இருக்கிறது. 2013-லிருந்து ஷி ஜின்பிங் படத்தையும் பூ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட படங்களைத்தான் அழிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பொம்மை மட்டும் வந்தால் குற்றம் இல்லை, பக்கத்தில் தலைவர் வந்தால் குற்றம். அப்படியானால் அழிக்க உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒவ்வொரு தடவையும் இரண்டு முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆமாம், ஒத்துப்போகிறது என்று முடிவு செய்கிறார்.

ரஷ்யாவில் பர்னாவுல் என்ற ஊர். 2012-ல் தேர்தல் முறைகேட்டை எதிர்த்துக் கூட அனுமதி கிடைக்கவில்லை. பனியில் குட்டிக் குட்டிப் பொம்மைகளை நிறுத்தி, கையில் பதாகை கொடுத்தார்கள். அடுத்த முறை பொம்மைகளுக்கே அனுமதி கேட்டார்கள். பொம்மைகள் ரஷ்யக் குடிமக்கள் இல்லை என்று காரணம் சொல்லி அதிகாரிகள் மறுத்தார்கள். ஒரு அரசு அலுவலகம் பொம்மையின் குடியுரிமையைப் பற்றிப் பதில் சொன்ன பிறகு அந்த ஊர் ஜனங்களுக்கு அந்த அலுவலகத்தின் மேல் இருந்த பயம் அதே அளவில் இருந்திருக்குமா?

22.2.2025, கொஞ்ச நேரம் கழித்து

வெளிநாட்டை விடுங்கள், 1976-ஐ மறந்துவிட்டேன் பாருங்கள். எமர்ஜென்சி. ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். விசாரணை இல்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். கைதானவர்கள் பெயரைப் போடத் தணிக்கையில் வழியில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. தணிக்கைக்காரர் பார்வையில் அது அஞ்சலிச் செய்தி. படித்தவர்களுக்கு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

இதில் சிரிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்று மீம் போடுகிற பையன்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். தடை சொல்லில் இருக்கும்போது சேதியை வேறு இடத்தில் வைப்பது. படிக்கிறவர் மூளையை நம்பி விட்டுவிடுவது.

2.3.2025

சில நாளாக எழுதவில்லை. பென்னாகரம் தம்பி கேட்டதில் ஒரு பாதி என்னை விடவே இல்லை. விகடன் வக்கீல் வைக்கும். பேராசிரியருக்காகப் பேச ஆட்கள் வந்தார்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பையன் மீம் போட்டால் அவனுக்கு யார்?

நடந்ததைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஒரு ஏரி. முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. தண்ணீர் தெரியாது, மாடு ஏமாந்து இறங்கிவிடும். மனு மேல் மனு போட்டாயிற்று. காலேஜ் படிக்கிற ஒரு பையன் கடைக்கு வந்து ஆறுக்கு நாலு பிளக்ஸ் கேட்டான். ஏரிப் படம். மேலே "நன்றி! நன்றி! நன்றி!" கீழே, "எங்கள் ஏரியைப் பசுமைப் புல்வெளியாக மாற்றித் தந்த அனைத்து அதிகாரிகளுக்கும் ஊர்ப் பொதுமக்கள் சார்பில் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்." கல்யாண பிளக்ஸ் மாதிரி மூலையில் ரோஜாப்பூ, பறக்கிற புறா. அனுமதி எண் இல்லாமல் பிளக்ஸ் அடிக்கக் கூடாது, அடித்த கடை பெயரும் போட வேண்டும், அதனால் பிரிண்ட் தர மாட்டேன் என்றேன். எழுத்தை மட்டும் சரி செய்து, படமாக அனுப்பிவிட்டேன். அவன் ஊர்க் குழுவில் போட்டான்.

மறுநாள் ஒரு அலுவலகத்திலிருந்து குழு அட்மினுக்குப் போன். அட்மின் ஒரு டெய்லர். "எதுக்குய்யா அவதூறு பண்றீங்க, எடுங்க, இல்லன்னா கேஸ் ஆயிடும்." அவர் பயந்துபோய் அழித்துவிட்டார். அந்தப் பையனையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், தையல் மிஷினை நம்பி வாழ்கிறவர்.

அப்புறம் ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குரல் பதிவு போட்டார்: "ஏம்பா, நன்றி சொன்னா அவதூறா? எந்த வார்த்தை அவதூறுன்னு சொல்லச் சொல்லு, அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடலாம்." அன்று சாயங்காலத்துக்குள் குழுவில் பாதிப் பேர் டி.பி.யில் அந்த ஏரி, புறா, ரோஜாப்பூ. யார் முதலில் போட்டது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. பையனைத் திரும்பச் சேர்த்தார்கள்.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இது. சிரித்துவிட்டு நகர்ந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். சிரித்தவர் எல்லாம் தன் பெயரில், தன் போனில் அதைச் சுமந்தால் கதை வேறு.

3.3.2025

சட்டம் கேட்டவர்களுக்கு, வக்கீல் தோழி ஒருவரிடம் பேசி எழுதுகிறேன்.

இணையப் பதிவுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இப்போது இல்லை. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யாராவது அந்தப் பிரிவைச் சொல்லி மிரட்டினால் எழுதிக் கேளுங்கள். இப்போது பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 353, 192, 196 என்று, வதந்தி, கலவரத் தூண்டல், பகை வளர்ப்பு பற்றிய பிரிவுகளோடு வருவார்கள். 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் சட்டென்று கைது செய்வதற்குப் பதிலாக, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 35(3)-ன்படி நேரில் வரச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தரும் முறை இருக்கிறது. போனில் கூப்பிட்டால் நோட்டீஸ் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் அட்மின், இன்னொருவர் போட்ட பதிவுக்குத் தானாகவே குற்றவாளி ஆகிவிட மாட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இதைச் சொல்லியிருக்கிறது. டெய்லர் அண்ணனுக்கு இந்த ஒரு வரியை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அதே 2021 டிசம்பரில் அதே மதுரைக் கிளையில் இன்னொரு தீர்ப்பு. வாடிப்பட்டிக்காரர் ஒருவர், ஒரு கட்சி நிர்வாகி, குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். துப்பாக்கிச் சூடு பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று எழுதி ஃபேஸ்புக்கில் படம் போட்டார். நாட்டின் மேல் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாகப் போலீஸ் வழக்குப் போட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்து, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கடமைகளில் சிரிக்கும் கடமையையும் சேர்க்கலாம், வேடிக்கையாக இருக்கும் உரிமையைப் பேச்சுரிமைக்குள் காணலாம் என்ற பொருளில் எழுதினார். தமிழில் முழுசாகப் போட்டு டீக்கடைச் சுவரில் ஒட்ட வேண்டிய தீர்ப்பு.

7.3.2025

நேற்று உயர் நீதிமன்றம் விகடன் தளத்தைத் திறக்கச் சொல்லிவிட்டது. அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தகவல் சொன்னால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று உத்தரவு.

சந்தோஷம்தான். ஆனால் முழுச் சந்தோஷம் வரவில்லை. ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடியது அதிகப்படி என்பது இதில் தெளிவாகிறது. லட்சக்கணக்கான பக்கங்கள், சமையல் குறிப்பும் ராசிபலனும் விவசாயக் கட்டுரையும் சேர்த்துத்தானே மூடினார்கள். ஆனால் படம் இறங்கியிருக்கிறது. வழக்கு முடியும்வரை அது கீழேயே இருக்கும். தளத்தைத் திறந்தது வழக்குதான், மீம் இல்லை. தம்பி இதைச் சொல்லிக் காட்டுவார், சொல்லட்டும். வழக்கு நடந்த நாட்களில் அந்தப் படத்தை உயிரோடு வைத்திருந்தது யார் என்று நானும் கேட்பேன்.

12.3.2025

மாமா சொன்னதற்கு வருகிறேன் என்றேனே. நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி அதோடு சேர்கிறது: "நம்ம மாவட்டத்துல கேலிக்குக் கட்டுப்பாடே வேணாமா?"

எனக்கு இதில் இரண்டு நாள் தூக்கம் போனது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும், அண்ணா நகரிலும், கொண்டம்பட்டியிலும் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளை எரித்த மாவட்டம் இது. அதற்கு மீம் காரணம் இல்லை. ஆனால் பிற்பாடு போனில் சாதிக் கேலி எப்படி ஓடுகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். காதலித்த பெண்ணைக் கேலி செய்து படம், காலனிக்காரரைக் கேலி செய்து படம். அதைப் போடுகிறவனும் "ஜோக்குதானே" என்கிறான். விகடனும் ஜோக், இதுவும் ஜோக் என்று ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இப்போதைக்கு என் முடிவு: அதிகாரம் வைத்திருப்பவர் வேலையைக் கேலி செய்வதைக் காப்பாற்ற நான் கடைசிவரை நிற்பேன். பிறப்பைக் கேலி செய்கிற படத்துக்கு என் கடையில் ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டேன், வாடிக்கையாளர் போனாலும் சரி. ஆனால் இந்தச் சாதிக் கேலியைக் காரணம் காட்டி அரசாங்கம் கையில் அழிக்கும் உரிமையைக் கொடுத்துவிடலாம் என்றால் மாட்டேன். கொடுத்தால் அவர்கள் முதலில் அழிப்பது ஏரிப் படத்தைத்தான். சாதிக் கேலியைப் பற்றி நான் பார்த்த புகார்கள் எல்லாம் மேஜையில்தான் கிடந்தன. "நன்றி" பிளக்ஸுக்கு மறுநாளே போன் வந்தது.

13.3.2025

இன்டர்நெட்டையே நிறுத்திவிட்டால்? சரியான கேள்வி. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். 13 பேர் செத்த நேரத்தில் யாருக்கும் மீம் தோன்றியிருக்காது, அதுவும் இருக்கிறது. எட்டுவழிச் சாலைக்காக அரூர்ப் பக்கம் கல் நட்ட அதே வருஷத்தில், நிலத்துக்காரர்களிடம் போராட்டச் செய்தி போய்ச் சேர்ந்தது பாதி போனில், பாதி வாய்வழியே. கூத்தும் சுவரும் டீக்கடையும் இருக்கிற ஊரில் நெட் மட்டும்தான் வழி என்று இருக்கக் கூடாது.

30.9.2025

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சஹ்யோக் என்ற அரசுத் தளம் வழியாக, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79(3)(பி)-ஐக் காட்டி, பதிவுகளை நீக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறார்கள். அதை எதிர்த்த வழக்கு.

2024 செப்டம்பரில் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே முடிவு செய்யும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு விதியை ரத்து செய்தபோது நான் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் இது.

எனக்குக் கவலை என்னவென்றால், டெய்லர் அண்ணனுக்குப் போன் செய்த ஆளின் குரலாவது ஊருக்குத் தெரிந்தது. "எந்த வார்த்தை?" என்று பெரியவர் திருப்பிக் கேட்க ஒரு ஆள் இருந்தது. அறிவிப்பு நேராக நிறுவனத்துக்குப் போய்ப் பதிவு மறைந்துவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது? மறைந்த பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். படம் போட்டவர் பெயரை மறைத்துவிட்டு வையுங்கள்.

5.10.2025

ஏரி என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஜூலையில் பொக்லைன் வந்தது. கரையோரம் பாதி ஆகாயத்தாமரையை வழித்துப் போட்டார்கள். மீமால் வந்ததா, திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் பெண்கள் கும்பலாகப் போய் நின்றதால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போனவர்கள் கையில் மனுவோடு அந்தப் புறாப் படமும் இருந்தது. மீதிப் பாதி அப்படியே கிடக்கிறது. உபரி நீர் போகிற கால்வாயில் கட்டடம் எழும்பிவிட்டது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பையன் இப்போது கால்வாய்க்கு ஒரு படம் செய்துகொண்டிருக்கிறான். "நன்றி" எல்லாருக்கும் பழகிவிட்டது, புதுசாக ஒரு வாசகம் வேண்டும் என்கிறான். தோன்றுகிறவர்கள் கீழே எழுதுங்கள், எட்டு வார்த்தைக்குள். யாருடைய சாதி, உடம்பு, வீட்டுப் பெண்கள் எதுவும் வரக் கூடாது. கால்வாய் மட்டும் வந்தால் போதும்.